ஊதிப் பார்த்த நிறம்

தறிக்காரர் சந்துக்குள் மங்கையர்க்கரசி கால் வைத்ததும் முதலில் குரல் கொடுப்பது கினிப்பன்றிகள்தான். கீரைக்கட்டைப் பிரிக்கிற சத்தத்துக்கும் அவள் தோள்பை உரசுகிற சத்தத்துக்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. தின்ன ஏதோ வருகிறது என்று நினைத்து, வாசலுக்கு வாசல் கூண்டுக்குள்ளிருந்து 'வீக், வீக்' என்று கூப்பாடு போடும். அதைக் கேட்டுத்தான் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"ஊதுற அக்கா வந்துருச்சு."

முன்பெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இப்போது சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த மதுரையை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்துவிட்டால் நல்லது. சாம்பல் மூச்சு என்று ஒரு நோய் வந்திருந்தது. காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. அது பிடித்தவர் வருஷக்கணக்கில் நன்றாகச் சாப்பிடுவார், தூங்குவார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவார். திடீரென்று ஒரு நாள் மாடிப்படியில் உட்காருவார், எழுந்திருக்க மாட்டார். அதற்குள் அவரோடு ஒரே கூரையின் கீழ் மாசக்கணக்கில் மூச்சு விட்ட எல்லாருக்கும் அது ஒட்டியிருக்கும்.

எந்த ரத்தச் சோதனையிலும் சிக்காத அந்த நோய், ஒரு சின்னப் பிராணியின் தோலில் சிக்கியது. ஆய்வுக்கூடத்தில் அதற்கென்றே உருவாக்கிய கினிப்பன்றி. ஜனங்கள் சீமை எலி என்பார்கள். நோயுள்ள மூச்சு அதன் தோலில் எந்த இடத்தில் படுகிறதோ, அந்த இடத்து முடி அடியிலிருந்து சாம்பல் நிறமாக முளைத்து வரும். வீட்டுக்கு ஒன்று கட்டாயம் வளர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சாம்பல் கண்ட வீட்டு வாசலுக்கு ஒரு நாள் காலை வண்டி வரும். குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு மலையடிவாரக் குடியிருப்புக்குப் போகும். போனவர்கள் யாரும் இதுவரை திரும்பவில்லை.

முதலில் கேமராவை வைத்துத்தான் பார்த்தார்கள். அது சரிப்படவில்லை. கினிப்பன்றி ஒரு நிறமா, ஒரு சாதியா? அமெரிக்கன் வகைக்கு உடம்போடு படிந்த வழுவழு முடி. பெருவியனுக்கு முகத்தை மூடித் தரையைக் கூட்டுகிற நீள முடி. டெக்செலுக்குச் சுருட்டை. அகூட்டி நிறத்தில் ஒரே முடியில் அடி ஒரு நிறம், நுனி வேறு நிறம். ரோன் நிறத்தில் கறுப்பும் வெள்ளையும் முடிக்கு முடி கலந்து கிடக்கும். கேமராவுக்கு எல்லாமே சாம்பலாகத் தெரிந்தது. அதனால் மனிதக் கண்ணைத் தேடினார்கள். மங்கை போன்றவர்களுக்கு நோய்த் தடுப்பு மையத்தில் நிறம் பார்க்கும் வேலை கிடைத்தது அப்படித்தான்.

அன்றைக்கு அவள் ஜெயக்கொடி வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். ஜெயக்கொடி பச்சைப் பிள்ளைக்காரி. இடுப்பில் பிள்ளையும் கையில் கூண்டுமாக வந்தாள். பின்னாலேயே அவள் மாமியார் பொன்னழகியும் வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"ஏக்கா, எங்க கருப்பட்டி இந்த மாசம் எம்புட்டுக் கொழுத்துட்டான் பாரு. எங்க அத்தை தெனமும் அவன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து ஊர்க்கதை பேசுது. வீட்டுல வேற யாரும் காது குடுக்குறதில்ல."

"அவன் ஒருத்தன்தான் ஊடால பேசாமக் கேக்குறான்" என்றாள் பொன்னழகி.

கருப்பட்டி அபிசீனிய வகை. உடம்பெல்லாம் சுழி சுழியாக முடி எழும்பி நிற்கும். நல்ல அபிசீனியனுக்கு எட்டுச் சுழியாவது வேண்டும். பொன்னழகியின் புருஷன் காளை வளர்த்தவர். அதனால் அவளுக்குச் சுழி என்றால் தனிக் கவனம். மையத்தார் இங்கிலீஷில் என்ன பெயர் சொன்னாலும் அந்தச் சந்தில் எல்லாம் காரி, செவலை, மறை, புல்லைதான். காளைக்கு வைத்த நிறப்பெயர்களை அப்படியே எலிக்கும் வைத்துவிட்டார்கள். மயிலை என்ற ஒரு பெயரை மட்டும் யாரும் வாயால் சொல்வதில்லை. சாம்பல் பூத்த காளையின் நிறம் அது.

"எத்தனை சுழி இருந்தா என்ன, ஒண்ணுகூட ராஜ சுழி இல்ல. இந்தா, முதுகுல இருக்கே, இது பாடைச் சுழி. காளையா இருந்தா எங்க வீட்டு ஆளு வாசலோட பத்தி விட்டுருப்பாரு" என்றாள் பொன்னழகி.

"சும்மா கெட அத்தை, நல்ல நாளும் அதுவுமா."

மங்கை சிரித்துக்கொண்டே கருப்பட்டியைத் தூக்கி மடியில் வைத்தாள். பைக்குள் ஒரு ரப்பர் ஊதுகுடுவை இருந்தது. முடியைப் பிரித்துப் பார்க்க மையம் கொடுத்தது. அதை அமுக்கினால் பாம்பு சீறுவது போல் ஒரு சத்தம் வரும். கினிப்பன்றிகள் கதிகலங்கிப் போகும். சில நேரம் கையிலிருந்து துள்ளி விழுந்து காலை உடைத்துக்கொள்ளும். அவளுக்கு மனசு கேட்காது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, கண்காட்சிகளில் வளர்ப்பவர்கள் செய்வதைப் போல வாயாலேயே இதமாக ஊதுவாள். வெதுவெதுப்பான மூச்சு பட்டதும் அந்தப் பிராணி கண்ணை மூடிச் சொக்கிப் போய்விடும். முடி பூப்போல் விரிந்து அடிநிறத்தைக் காட்டும். வேலைக்கு வந்த காலத்திலிருந்து அவளுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது.

தோள்பட்டைக்கு நடுவில் ஊதினாள். அந்தப் பாடைச் சுழியின் மேல்.

செவலை முடி விலகியது. வேரடியில் சாம்பல்.

மறுபடி ஊதினாள். வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாள். சாம்பல்தான்.

கண்டதை வாயால் சொல்லக்கூடாது என்பது விதி. முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டாள். கருப்பட்டியை மெல்லப் பைக்குள் இறக்கினாள். சாம்பல் கண்ட பிராணியை எடுத்துக்கொண்டு, வெறுங்கூண்டை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் அறிவிப்பு. சந்து நெடுக வெறுங்கூண்டுகள் இருந்தன. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒன்று; பிறகு மாசத்துக்கு ஒன்றிரண்டு. இப்போது எண்ணத் தோன்றாத அளவுக்கு.

"மயிலையாக்கா?" என்றாள் ஜெயக்கொடி. அந்த வார்த்தையை அவள்தான் சொன்னாள். "அக்கா, எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லக்கா. பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் அங்க போயி… அங்க இருக்குறவங்களுக்கெல்லாம் நெசமாவே நோவு இருக்கும்லக்கா?"

"ஜெயா, உள்ள போ."

"எங்க அத்தை அதும் மூஞ்சியிலதானே பேசிக்கிட்டுக் கெடக்கும். மூஞ்சி செவசெவன்னுதானே இருக்கு? இன்னொருக்கா பாருக்கா. இன்னொருக்கா ஊதிப் பாரு."

பொன்னழகி நிலைப்படியை விட்டு எழுந்து வந்து, மருமகளின் தோளைப் பற்றி உள்ளே திருப்பினாள். திரும்பும்போது மங்கையை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

மங்கை வீட்டுக்கு வந்தபோது மகள் நித்திலா கொடைக்கானலிலிருந்து திரும்பியிருந்தாள். பள்ளி விடுமுறை முழுக்க அத்தை வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். கன்னம் இரண்டும் குளிரில் வெடித்திருந்தன. மடியில் சீனி.

சீனி பெயருக்கேற்ற வெள்ளை. சிவந்த கண். நித்திலா அதைப் பிரிந்து ஒரு நாள் இருந்ததில்லை; முகத்தோடு முகம் வைத்துத்தான் படம் பார்ப்பாள், பாடம் படிப்பாள்.

"அம்மா, அங்க என்னா குளிருங்குற! பல்லு தந்தி அடிக்குது. அத்தை வீட்டுத் தொட்டித் தண்ணியில கை வச்சா கை நம்மளது இல்லங்குது. சீனிக்குக் கம்பளிச் சொட்டர் தச்சுக் குடுத்தாங்க. அது தின்னுப்புருச்சு."

"சொட்டரையா?"

"பாதிய."

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. ஜெயக்கொடியின் குரல் காதிலிருந்து கொஞ்சம் விலகியது.

"ஆனா நீ பொய் சொல்லிட்டம்மா. குளுரு பட்டா சீனி மூக்கு கறுக்கும்ன, காது கறுக்கும்ன. நான் தெனமும் பாத்தேன். ஒண்ணுமே கறுக்கல."

"வந்த வழியில வெயில்ல வெளுத்துருக்கும்டி. மூஞ்சி கழுவு, போ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அசதியில் சொன்ன பதில். முளைத்துவிட்ட முடி பேருந்தில் வரும்போது வெளுக்காது என்பது அவளுக்குத் தெரியாததா? அதுதானே அவள் தொழில். ஆனால் தன் வீட்டு விஷயத்தில் நமக்கெல்லாம் கண் கொஞ்சம் மங்கித்தான் போகிறது.

சீனியைக் கொடுத்த கடைக்காரர் ஹிமாலயன் குட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார். ஹிமாலயன் பிறக்கும்போது வெள்ளையாகத்தான் பிறக்கும், கண் சிவந்திருக்கும். வளர வளர, குளிர் படுகிற மூக்கிலும் காதிலும் பாதத்திலும் கறுப்பு ஏறும். மதுரை வெயிலில் அந்தக் கறுப்பு பிடிக்காமல் வெளிறியே கிடக்கும். அதனால் சீனி வெள்ளையாக இருப்பதில் மங்கைக்கு அதிசயம் தோன்றியதில்லை. மையத்திலும் யாருக்கும் தோன்றவில்லை. ஊழியர் வீடுகளில் மாசாமாசம் பார்க்கிற ரஹமத்துல்லா சீனியை ஊதிப் பார்த்து, "வேர் வரைக்கும் வெள்ளை. மகராசியா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மறுநாள் மையத்துக்குப் போனாள். கருப்பட்டியைப் பின்கட்டில் ஒப்படைக்க வேண்டும். வாசலில் ரஹமத்துல்லா டீ கிளாஸோடு நின்றார். ஆற்றுக்குத் தென்கரை அவருடைய பகுதி.

"வாங்க மங்கை மேடம். இந்த மாசமும் நீங்கதான் மொதல்ல. உங்க கண்ணை ஆஸ்பத்திரியில எழுதி வைங்க, எனக்குக் கூடப் பொருத்திக்கிறேன்."

"கிண்டல் பண்ணாதீங்க பாய். ஒவ்வொரு கூண்டா வச்சுட்டு வர்றதுக்கு உசுரு போகுது."

"கிண்டல் இல்லம்மா. நாங்க மீசையில சாம்பல் தெரிஞ்ச பின்னாடிதான் கண்டுபிடிக்கிறோம். நீங்க எப்பிடி அதுக்கு முன்னாடியே முதுகுல புடிச்சுர்றீங்க?"

மங்கை பையை இறக்கி வைத்தாள். "மீசையிலயா?"

"ஆமா, வேற எங்க? வீட்டு ஆளுக எலியத் தூக்கிக் கொஞ்சுவாங்க. மூச்சு மூஞ்சியிலதான் படும். மீசை, மூக்கு, அப்புறம் நெத்தி. எங்க பக்கம் எல்லாமே அப்பிடித்தான். முதுகுல ஆரம்பிச்சு நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

அவர் சிரித்தபடி டீயை உறிஞ்சினார். மங்கை பையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள்.

பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டுகள் தெருவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. சாட்சி சொல்லி முடித்த பிராணிகள். அவள் முதலில் தென்கரை வரிசைக்குப் போனாள். ஒரு காரிக்கு மூக்கைச் சுற்றிச் சாம்பல், திருநீறு பூசியது போல. ஒரு மறைக்கு மீசையடியில். நீளமுடிப் பெருவியன் ஒன்றுக்கு முகத்தை மூடிய முடி மொத்தமும் சாம்பல். முதுகு பளபளவென்று தேன்நிறம்.

பிறகு தன் வரிசைக்கு வந்தாள். காரி, செவலை, புல்லை, சுருட்டை, வழுவழுப்பு. எந்தச் சாதியானாலும், எந்த நிறமானாலும், முகம் பிறந்த நிறத்தில் இருந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவில் மட்டும், ஓர் ஆள் உதட்டைக் குவித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு, வட்டமாக ஒரு சாம்பல் திட்டு.

எல்லாவற்றுக்கும் ஒரே இடம். அவள் ஊதிய இடம்.

பின்கட்டில் அவளைப் பார்த்ததும் அத்தனையும் 'வீக், வீக்' என்று கூப்பிட ஆரம்பித்தன. கொடைக்கானல் குளிரில் கறுக்காத மூக்கு அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சீனி ஹிமாலயன் இல்லை. பிறவி வெள்ளை. நிறம் என்ற ஒன்றையே அந்த உடம்புக்கு உண்டாக்கத் தெரியாது. கறுப்பும் வராது, சாம்பலும் வராது. அதனால்தான் அந்தச் சாதியைச் சாட்சிக்கு வைக்கக் கூடாது என்று மையம் முதல் நாளே சொல்லியிருந்தது. இத்தனை நாளும் அவள் வீட்டில் ஒரு வாயில்லாச் சாட்சி, நித்திலாவின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

முதல் அலையில் புருஷன் மாடிப்படியில் உட்கார்ந்தது, அவனை அவள் மடியில் போட்டுக்கொண்டு கடைசி வரை கிடந்தது, எல்லாம் வரிசையாக வந்தன. அப்போது வீடுகளில் சீமை எலிகள் கிடையாது. யாரும் அவளைச் சோதிக்கவில்லை.

மையத்தின் தலைவர் டாக்டர் இருதயராஜின் மேசைமேல் எப்போதும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதில் அவர் வீட்டுக் கினிப்பன்றி. மை போலக் கறுத்த, சிலை மாதிரி எட்டுச் சுழியும் எடுப்பாக நிற்கிற அபிசீனியன். காலையில் கூடவே கொண்டு வருவார், சாயங்காலம் கொண்டு போவார். 'நானும் உங்களில் ஒருவன்' என்று ஜனங்களுக்குக் காட்டத்தான். ஆனால் அதற்கு அவர் கொத்தமல்லித் தழை ஊட்டுவதைப் பார்த்தால், காட்டுவதற்காக மட்டும் வளர்க்கிறார் என்று சொல்ல முடியாது.

மங்கை கதவுக்குப் பக்கத்திலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். முன்பே கேட்ட கதையைக் கேட்பது போல அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்கு இது தெரியுமா?"

"போன மாசம்தான் தெரிஞ்சது. முதுகுத் திட்டு உங்க ஏரியாவுல மட்டும்தான் வருதுன்னு லேப்ல சொன்னாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லா மூச்சுலயும் அது இருக்காது மங்கை. நோய் முத்த முத்தத்தான் அதிகமாகும். அதனாலதான் மொதல்ல ஒரு வீடு, அப்புறம் ரெண்டு வீடுன்னு ஏறிக்கிட்டே வந்துச்சு. உங்க வீட்டு எலி வெள்ளையா இருந்ததால எங்களுக்கும் சந்தேகம் லேட்டாத்தான் வந்துச்சு."

ஏறிக்கிட்டே வந்துச்சு. அவளுக்குள் முற்றிக்கொண்டு வருகிறது என்பதை அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

"அப்ப நான் வெறுங்கூண்டு வச்ச வீட்டுல யாருக்குமே…"

"மனுஷனுக்கு ஒட்ட மாசக்கணக்குல ஒரே கூரை வேணும். எலிக்கு ஒரு ஊது போதும். பெரும்பாலும் சுத்தமான வீடுகதான்."

"அப்ப அவங்களத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க சார்!"

"எப்படிக் கூட்டிட்டு வர?" அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "அங்க நிஜமான நோயாளிகளோட ஒரே கூடத்துல மாசக்கணக்கா இருந்துருக்காங்க. இப்போ அங்க அவங்களுக்குக் குடுத்த புது எலிகளுக்கு மீசையில வர ஆரம்பிச்சிருச்சு."

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். பெட்டிக்குள் கறுப்பு அபிசீனியன் தழையை மென்றுகொண்டிருந்தது.

"நாளைக்கு ஜெயக்கொடி வீட்டுக்கு வண்டி போகுது" என்றாள் மங்கை. "கைப்பிள்ளை இருக்கு சார். அதையாவது நிறுத்துங்க. முதுகுத் திட்டு சாம்பல் கணக்குல வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. காரணம் வெளிய வந்தா நாளைக்கு மதுரையில ஒரு வீட்டுல எலி இருக்காது, தூக்கி ஆத்துல போட்டுருவாங்க. அப்புறம் நோய் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஊரே போயிரும். ஒரு சந்தை விட ஊர் பெருசு." முன்னால் சாய்ந்தார். "நீங்க பயப்படாதீங்க. பதினெட்டு வருஷம் டாக்டரா இருந்து இதைச் சொல்றேன்னு எனக்கே வெக்கமா இருக்கு. ஆனா கேளுங்க. உங்களுக்கு ஆபீஸ்லயே ஒரு வேலை தர்றேன். தனி அறை. உங்க மகளும் உங்க கூடவே இருக்கட்டும். உங்க வீட்டு எலி வெள்ளைதானே? அது வெள்ளையாவே இருக்கட்டும். யாரும் வந்து பாக்க மாட்டாங்க."

கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நிமிஷத்தில் அவள் ஒன்றும் தியாகி ஆகிவிடவில்லை. நித்திலாவை நினைத்தாள். அரைச் சொட்டரைத் தின்ற சீனியை நினைத்தாள். தன் வீட்டுக் கதவு, தன் அடுப்பு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். தலையை ஆட்டினால் போதும், எல்லாம் அப்படியே இருக்கும். தலை ஆடத்தான் பார்த்தது.

பிறகு, பொன்னழகி மருமகளின் தோளைப் பிடித்துத் திருப்பியது நினைவு வந்தது.

"நல்லா வளத்திருக்கீங்க சார், இதை" என்று மேசைக்கு வந்தாள். பெட்டிக்குள் கைவிட்டு அபிசீனியனைத் தூக்கினாள். தூக்கிய விதத்தில் அது பயப்படவில்லை. ஆயிரம் முறை தூக்கிய கை.

"இந்த மாசம் பாத்தாச்சே அதை" என்றார்.

மங்கை முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். அவருக்குப் புரிந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதற்குள், அந்தக் கறுப்பு முடிக்குள் இதமாக, நீளமாக ஊதினாள். வெதுவெதுப்பான மூச்சில் அது கண்ணை மூடிக்கொண்டது. சுழிகளெல்லாம் பூவாக விரிந்தன.

கவசத்தை ஏற்றிக்கொண்டு அதைப் பெட்டிக்குள் விட்டாள்.

"அடுத்த மாசம் இதைப் பாக்க ரஹமத் பாய் வருவாரு. அவரு நேர்மையான ஆளு. தோள்ல ஒரு திட்டு இருக்கும். முதுகுத் திட்டு பொய்ச் சாம்பல்னு அதுக்குள்ள நீங்க சொல்லியிருந்தா அது பொய்ச் சாம்பல். சொல்லலைன்னா உங்க வீட்டு வாசல்லயும் வெறுங்கூண்டுதான் சார்."

டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றார். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது.

"நீ… நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு…"

"நான் தெனமும் செய்யிறதுதான்" என்றாள் மங்கை. "இனிமே யாரும் வாயால ஊதக்கூடாதுன்னும் உத்தரவு போடுங்க. குடுவையாலதான் பாக்கணும். நாளைக்கு வண்டி எங்க வீட்டுக்கு வரட்டும்."

காலையில் வண்டி வந்தது. ஜன்னலுக்கு உள்ளே கம்பி போட்ட சாம்பல் நிற வண்டி. மங்கை இரண்டு பைகளோடு நின்றாள். நித்திலா பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள். இருக்குமா என்று அம்மாவுக்குத் தெரியாது.

"சீனிய கொண்டு வரலாமாம்மா?"

"கொண்டு வா. அதுகிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அங்க நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

மங்கை பையை ஏற்றினாள். தறிக்காரர் சந்துக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். ஒவ்வொரு முகமாக அவளை அடையாளம் கண்டுகொள்ளும். அவர்களிடம் முதலில் என்ன சொல்வது என்று விடியும் வரை யோசித்துப் பார்த்திருந்தாள்.

"நிறைய பேரு இருக்காங்க கண்ணு" என்றாள்.

வண்டி தறிக்காரர் சந்து வழியாகத்தான் போனது. வெறுங்கூண்டுகளைத் தாண்டித் தாண்டி ஊர்ந்தது. ஜெயக்கொடி வீடு வந்ததும் மங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நிற்கவில்லை. தாண்டிப் போனது. டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் ஜெயக்கொடி பிள்ளையோடு நின்றிருந்தாள். காலடியில் கூண்டு, அதற்குள் கருப்பட்டி திரும்பி வந்திருந்தான். மங்கை கம்பியை விட்டாள்.

முன்னால் மாட்டுவண்டி ஒன்று திரும்பிக்கொண்டிருந்ததால் சந்து முனையில் வண்டி கொஞ்சம் நின்றது. பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

தோள்பையோடு ஒரு பெண் ஜெயக்கொடி வாசலுக்கு வந்திருந்தாள். மங்கையின் இடத்துக்குப் புதிதாக நிறம் பார்க்க வந்தவள். சின்ன வயசு, நல்ல களையான முகம். உட்கார்ந்து கருப்பட்டியை மடியில் எடுத்தாள். பையிலிருந்து ரப்பர் குடுவையை எடுத்து அமுக்கினாள். கருப்பட்டி வீறிட்டுத் துள்ளினான். ஜெயக்கொடி பதறிப்போய்க் கையை நீட்டினாள். அந்தப் பெண் கருப்பட்டியை மார்போடு அணைத்துத் தடவிக் கொடுத்தாள். குடுவையைப் பைக்குள் போட்டாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்தாள்.

பிறகு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, உதட்டைக் குவித்தாள்.

மங்கை கண்ணாடியைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். ஓட்டுநர், "உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நித்திலா பயந்துபோய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். சந்து திரும்பி மறைகிற வரைக்கும் மங்கை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அந்தப் பெண் வீட்டில் வளர்கிற கினிப்பன்றி என்ன நிறமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.